ஹம்னாவின் நிய்யத்து

தராசு முப்பத்தொன்று காட்டியது. பர்சானா முட்டைப் பொரியலின் ஓரத்தைக் கரண்டி நுனியால் கிள்ளி எடுத்தாள். முப்பது கிராம். அதன்மேல் இருபத்திரண்டு கிராம் வெண்ணெயை வைத்ததும் அது தன் வடிவத்தை மறந்து மெல்ல உருகி இறங்கியது.

ஜன்னலுக்கு வெளியே தென்காசி பாதிதான் இருந்தது. மீதியைச் சாரல் எடுத்துக்கொண்டு போயிருந்தது. மலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் புகை. அடுத்த வீட்டு மாடியில் போட்ட சேலைகள் மூன்று நாளாகக் காயாமல், தூக்கத்தில் புரள்வதுபோல அசைந்துகொண்டிருந்தன.

"உம்மா, இன்னைக்கு என்ன கலரு?"

ஹம்னா சமையலறை வாசலில் நின்றாள். ஏழு வயது. ஒரு பக்க ரிப்பன் அவிழ்ந்து தோளில் கிடந்தது.

பர்சானா ஸ்ட்ரிப்பை வெளிச்சத்தில் பிடித்தாள். சிறுநீரில் நனைத்து எடுக்கும் சின்னப் பட்டை அது. ஹம்னாவின் உடம்பு கொழுப்பை எரித்து ஓடினால் கருஞ்சிவப்பாகும். மாவோ இனிப்போ உள்ளே போயிருந்தால் வெளுத்துவிடும். இன்று சந்தனம் கரைத்த தண்ணீர்போல வெளுத்துக் கிடந்தது. நேற்றும் அப்படித்தான். பதினோரு நாளாகவே அப்படித்தான்.

"நல்ல கலருதாம்மா. போய் உக்காரு."

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் ஹம்னாவின் கை திடீரென்று வெட்டி இழுத்தது. பிறகு தினமும் இழுத்தது. இரண்டு மருந்து கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை. மூன்றாவது மருந்தில் வலிப்பு குறைந்தது. கூடவே ஹம்னாவும் குறைந்தாள். பகலெல்லாம் தூங்கினாள். விழித்திருக்கும்போதும் கண்ணுக்குள் தூக்கம் மிதந்தது. ஒருநாள் "உம்மா" என்று கூப்பிட வாயைத் திறந்து, அந்தச் சொல் கிடைக்காமல் மூடிக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகு பர்சானாவுக்குத் தெரிந்துவிட்டது, வலிப்பைவிடப் பயப்பட வேண்டியது ஒன்று உண்டு என்று.

பிப்ரவரியில் திருநெல்வேலி ஆஸ்பத்திரி ஒன்றில் இந்த உணவுமுறையைத் தொடங்கினார்கள். சோறு கிடையாது, இட்லி கிடையாது, பழம் கிடையாது. ஒரு நாள் முழுவதற்கும் பத்தே கிராம் மாவுச்சத்து. மற்றபடி வெண்ணெய், கிரீம், தேங்காய் எண்ணெய், முட்டை, நிறுத்துப் போட்ட கறி. தட்டில் ஒட்டிய எண்ணெயைக்கூட வழித்துத் தின்ன வேண்டும். மெல்ல மெல்ல மூன்றாவது மருந்தை நிறுத்தினார்கள். மே மாதம் பாதிக்குப் பிறகு ஒரு வலிப்புகூட இல்லை. ஹம்னா எங்கிருந்தோ நடந்து வந்து சேர்ந்ததுபோல ஒரு காலையில் சத்தமாகச் சண்டை போட்டாள். பர்சானா அன்று சந்தோஷத்தில் அழுதாள்.

இந்தப் பதினோரு நாளில் மறுபடியும் மூன்று முறை கை வெட்டி இழுத்துவிட்டது.

பள்ளிக்கூட வேன் போன பிறகு வேல்விழி போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் ஹம்னாவின் சாப்பாட்டுக் கணக்கைப் பார்க்கும் உணவு நிபுணர்.

"பர்சானா, நீங்க அனுப்புன போட்டோ எல்லாம் பாத்தேன். சாயங்காலம் அஞ்சு மணி ஸ்ட்ரிப் நல்லாக் கருத்து இருக்கு. காலைலதான் வெளுக்குது. காலைல கொஞ்சம் குறையுறது சகஜம். இவ்வளவு குறையாது. அஞ்சு மணிக்குப் பொறவு என்னமோ உள்ள போகுது."

"நான் அளந்துதான் மேடம் குடுக்கேன். பல்லு தேய்க்குற பேஸ்ட்டு முதக்கொண்டு மாத்தியாச்சு."

"நீங்க குடுக்கலம்மா. வேற யாரோ. அடுத்த வெள்ளிக்கிழமை வரை பாப்போம்னு டாக்டர் சொல்லுதாரு. சரியாகலைன்னா இதை நிறுத்திட்டு அந்தப் பழைய மருந்தையே ஆரம்பிக்கலாம்னு."

போனை வைத்த பிறகும் பர்சானா அதே இடத்தில் நின்றாள். அந்தத் தூக்கம் தெருமுனையில் வந்து நிற்பதுபோல் இருந்தது.

சவூதியில், தம்மாமில் இருக்கும் கணவன் முகம்மது ரபீக் வீடியோவில் வந்தபோது அவனும் அதையே சொன்னான். "போதும்ட்டி. அஞ்சு மாசமா புள்ள வாயக் கட்டிப் பாத்தாச்சு. எல்லாரும் மருந்துலதான இருக்காங்க."

"அவ தூங்குனத நீங்க போன்லதான் பாத்தீங்க. நான் பக்கத்துல இருந்து பாத்தேன்."

போனில் ரபீக்கின் முகம் உறைந்து நின்றது, நெட்வொர்க்காலா வருத்தத்தாலா என்று தெரியவில்லை.

ஐந்து மணிக்குப் பிறகு ஹம்னா இருப்பது ஒரே ஓர் இடத்தில்தான். அடுத்த வீடு. ரபீக்கின் அக்கா ஹஸீபாவின் வீடு. அவள் தெருப் பெண்பிள்ளைகளுக்கு மாலையில் குர்ஆன் ஓதிக் கொடுப்பாள். சூரியன் மறையும்போது கேட்கும் மஃரிபு பாங்கு வரை ஹம்னா அங்கேதான். ஹஸீபாவுக்குக் கையும் பெரிது, வாயும் பெரிது. தராசு வீட்டுக்கு வந்த அன்றே கேட்டுவிட்டாள்: "ஏட்டி பர்சானா, புள்ளைக்குச் சாப்பாடு போடுதியா, நகைக்கடை நடத்துதியா?"

கேட்டுவிட வேண்டும் என்று பர்சானா முடிவு செய்தாள். ஆனால் எப்படிக் கேட்பது?

சனிக்கிழமை மாலை ஹஸீபாவே வந்து நின்றாள். "புள்ளைய அடைச்சு அடைச்சு வைக்காத. பழைய குத்தாலத்துல தண்ணி நல்லா விழுதாம். சுந்தரபாண்டி ஆட்டோ சொல்லிட்டேன். கெளம்பு."

ஆட்டோவின் இரண்டு பக்கமும் தென்னந்தோப்புகள் ஈரத்தில் கரைந்து ஓடின. சாலையில் தண்ணீர் மெல்லிய தோல்போலப் படிந்து, வானத்தைத் தலைகீழாகக் காட்டியது. ஹம்னா கையை வெளியே நீட்டிச் சாரலைப் பிடித்து உள்ளே கொண்டுவந்து, திறந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று சிரித்தாள். ரம்புட்டான் கடைகளைத் தாண்டும்போது மட்டும் பர்சானா அவள் முகத்தைப் பார்த்தாள். ஹம்னா பழங்களைச் சிவப்புப் பொம்மைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆசைப்பட்டதாகவே தெரியவில்லை.

அருவி தெரிவதற்கு முன்பே அதன் சத்தம் வந்து காதை மூடிக்கொண்டது. வலிப்புப் பிள்ளை அருவியில் தலை கொடுக்கக் கூடாது. அதனால் பர்சானா மகளின் மணிக்கட்டைப் பிடித்தபடி, திவலை மட்டும் தெறிக்கும் தூரத்தில் நின்றாள். பெண்கள் பக்கத்தில் எண்ணெய்த் தலைகள் வெள்ளைத் தண்ணீருக்குள் புகுந்து புகுந்து மறைந்தன. எல்லாருடைய முகமும் அழிந்து அழிந்து மறுபடி வரையப்பட்டது. ஹம்னா கண்ணை மூடி வாயைத் திறந்து நின்றாள். திவலைக்கு மாவுச்சத்து கிடையாது. அதை மட்டும் அளக்காமல் தரலாம்.

ஹஸீபா குளித்துவிட்டு வந்து படியில் உட்கார்ந்து தலையைத் துவட்டினாள். ஹம்னா இரண்டு படி கீழே, ஓடும் தண்ணீரில் இலைகளை விட்டுக்கொண்டிருந்தாள். வெளிச்சம் குறைந்து மரங்கள் நீலமாகிக்கொண்டிருந்தன.

"மைனி, ஒண்ணு கேக்கேன். கோவப்படாதீங்க."

"கோவப்படாதீங்கன்னு ஆரம்பிச்சாலே கோவம் வர்ற விசயம்தான். கேளு."

"அஞ்சு மணிக்குப் பொறவு அவ ஒங்க வீட்டுலதான் இருக்கா. ஏதும் குடுக்குதீங்களா? ஒரு பிஸ்கட்டு... ஒரு முட்டாய்..."

ஹஸீபாவின் கையில் துண்டு நின்றது.

"ஓத வர்ற புள்ளைகளுக்குத் தெனமும் முட்டாய் குடுப்பேன், தெரியும்லா? மார்ச்சு மாசத்தோட நிறுத்திட்டேன். எதுக்கு? ஓம்மவ பாத்துக்கிட்டு இருப்பாளேன்னு. இப்ப பத்துப் புள்ளைகளும் என்னைய கஞ்ச மாமின்னு கூப்புடுதுக. நானாட்டி குடுப்பேன்?"

"இல்ல மைனி, பழக்கத்துல..."

"போதும்." அவள் குரல் அருவிச் சத்தத்துக்குள் விழுந்து அடங்கியது. "ஒனக்கு வீடு பூரா தராசு. மனுசரையும் அதுலயே தூக்கி வைக்க."

அப்போதுதான் ஹஸீபாவின் பைக்குள் இருந்த போனிலிருந்து மஃரிபு பாங்கு ஒலித்தது. தண்ணீர் சத்தத்தில் அது ரொம்ப தூரத்து ஊரில் யாரோ அழைப்பதுபோலக் கேட்டது.

ஹம்னா உடனே எழுந்தாள். கவுன் பைக்குள் கைவிட்டு ஒரு காகித மடிப்பை எடுத்தாள். பிரித்தாள். இரண்டு கையையும் ஏந்தினாள். உதடு மட்டும் அசைந்தது. பிறகு காகிதத்தில் இருந்ததை வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஏட்டி! என்னது? துப்பு! துப்புட்டி!"

பர்சானா படியில் வழுக்கி, ஊன்றி, அவளிடம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஹம்னாவின் உள்ளங்கையில் ஒரு பேரீச்சங்கொட்டை மட்டும் இருந்தது. அவள் முகத்தில் திருட்டு இல்லை, வெறும் ஆச்சரியம்தான்.

"நோன்பு தொறந்தேம்மா."

"என்ன நோன்பு?"

"என் நோன்பு. நீங்கதான ஆஸ்பத்திரில சொன்னீங்க."

சொன்னாள்தான். பிப்ரவரியில், வார்டில். பக்கத்துக் கட்டில் பிள்ளை பன் தின்றது. ஹம்னா தனக்கும் வேண்டும் என்று மூச்சு முட்ட அழுதாள். ரமலானுக்குப் பத்து நாள் இருந்தது. என்ன சொல்வது என்று தெரியாமல் பர்சானா அந்த வார்த்தையை எடுத்தாள். "இது நோன்புட்டி. பெரியவங்க வைக்கிறாங்கள்லா, அது மாதிரி ஒனக்குப் பெரிய நோன்பு." அழுகை பட்டென்று நின்றது. அதன் பிறகு எத்தனை பிறந்தநாள் கேக்குகள், எத்தனை கல்யாண பிரியாணிகள்! யார் நீட்டினாலும் "நான் நோன்பு" என்று சொல்லிவிடுவாள். சமர்த்துப் பிள்ளை என்று பர்சானா நினைத்தாள். அவள் அதை நம்பிக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கவே இல்லை.

"பேரீச்சம்பழம் எங்கன இருந்து வந்துச்சு?"

"மாமி வீட்டு டப்பாலருந்து." ஹம்னா ஹஸீபாவைப் பார்த்தாள். "முஹர்ரம் நோன்புக்கு நீங்கதான மாமி வச்சீங்க? நோன்பு வச்சவங்க எல்லாரும் எடுத்துக்கிடுங்கன்னு. பாங்கு சொன்ன ஒடனே தொறந்துரணும், தொறக்காம நீட்டக் கூடாதுன்னும் சொன்னீங்க. நான் ஒரு நாளும் தொறக்கவே இல்லியே. ரமலான்ல கூட நீங்க எல்லாரும் தொறக்கும்போது எனக்கு உம்மா வெண்ணெதான் தந்தாங்க. என் நோன்பு எல்லாம் தொங்கிக்கிட்டே இருக்கும்லா?"

அவள் மேலே கையைக் காட்டினாள். மலைமுகட்டில் மேகங்கள் ஒன்றன் பின் ஒன்றாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

"அன்னைலருந்து தெனமும் ஒண்ணே ஒண்ணுதான் எடுப்பேன். எனக்கு அது பிடிக்கக்கூட இல்ல. பல்லுல ஒட்டுது."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஒருத்தி சொன்ன பொய்யும், இன்னொருத்தி சொன்ன பாடமும் சேர்ந்து ஒரு குழந்தைக்குள் போயிருந்தன.

"நோன்புன்னா சொல்லி வச்ச?" ஹஸீபா மெதுவாகக் கேட்டாள். "அது என்ன கதைல வர்ற வார்த்தையாட்டி?" பிறகு பையை எடுத்துக்கொண்டு ஆட்டோவை நோக்கி நடந்தாள். வீடு வரும்வரை பேசவில்லை.

ஞாயிறு காலை கிரீம் குடிக்கும்போது ஹம்னாவின் கை வெட்டியது. கிண்ணம் உருண்டு, வெள்ளை வட்டம் தரையில் விரிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் பர்சானாவுக்கு அந்த வட்டம் அறை முழுவதும் பரவிவிட்டதுபோல் இருந்தது.

மத்தியானம் மகளை மாடிக்கு அழைத்துப் போனாள். தண்ணீர்த்தொட்டி அருகே நனையாத ஒரு மூலை இருந்தது. அங்கே உட்கார்ந்தார்கள்.

சொல்வதற்கு முன் பர்சானா நிறைய யோசித்தாள். அந்த ஒரு வார்த்தைதான் ஐந்து மாதமாகப் பிள்ளையைக் கட்டி வைத்திருந்தது. அதை அறுத்துவிட்டால் நாளைக்கே இவள் பன் கேட்பாள். அறுக்காவிட்டால் தினமும் பாங்குக்குத் திறப்பாள். எப்படிப் போனாலும் வழியின் முடிவில் அந்தப் பழைய தூக்கம் இருந்தது.

"ஹம்னா, நீ சாப்புடுதது நோன்பு இல்லம்மா. மருந்து. ஒங் கை வெட்டாம இருக்கதுக்கு. அன்னைக்கு நீ அழுதியா, அதான் உம்மா பொய் சொல்லிட்டேன்."

கீழே யாரோ பைக்கை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள், அது கிளம்பவில்லை.

"நோன்புன்னு சொன்னது பொய்யா?"

"ஆமா."

"நான் நிய்யத்து வச்சது நெசம்."

பர்சானா திரும்பிப் பார்த்தாள். நிய்யத்து என்பது நோன்பு வைக்கிறேன் என்று இறைவனுக்காக மனதுக்குள் உறுதி கொள்வது. அது இல்லாமல் பட்டினி கிடந்தால் வெறும் பட்டினிதான்.

"எப்பட்டி வச்ச?"

"தெனமும். காலைல நீங்க தராசு வைக்கும்போது. நீங்க நம்பரப் பாப்பீங்க, நான் வச்சிருவேன்." ஹம்னா தோளைக் குலுக்கினாள். "பொய் சொன்னது நீங்க. நிய்யத்து வச்சது நான்."

சாரல் திசை மாறி, நனையாத மூலையையும் நனைத்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

"அப்ப தொறக்கணும்லா?" என்றாள் ஹம்னா.

பர்சானா மகளின் நனைந்த தலையைக் கையால் துடைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் வேல்விழியிடம் சொன்னாள். சொல்லும்போது அழுகை வந்தது. மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அட, இதுக்கா அழுதீங்க? ஒரு பழத்துல ஆறு ஏழு கிராம் போயிரும். அவளுக்கு ஒரு நாளைக்கே பத்துதான். வெளுக்காம என்ன செய்யும்?" வேல்விழி சிரிப்பை நிறுத்தினாள். "இந்த உணவுமுறைல கூடாதுன்னு ஒண்ணு இருக்குன்னா அது அளக்காத சாப்பாடுதான். எதையும் கணக்குல கொண்டுவர முடியுமான்னு பாப்போம். பேரீச்சம்பழம் ரெண்டு கிராம். அதுக்குப் பதிலா சாயங்காலத்து வெள்ளரிக்காய எடுத்துருதேன். டாக்டர்கிட்ட கேட்டுட்டு புது அட்டவணை அனுப்புதேன். நீங்களா எதையும் மாத்தாதீங்க, சரியா?"

அட்டவணை மறுநாள் வந்தது. அன்று மாலை பர்சானா தன் வீட்டிலேயே ஒரு பழத்தை நறுக்கித் தராசில் வைத்தாள். ஹம்னா நாற்காலியில் முழங்காலிட்டு எண்ணைப் பார்த்தாள்.

"மூணு காட்டுது. கூட இருக்கு."

பர்சானா ஒரு சீவல் எடுத்தாள்.

"ரெண்டும் மூணும் மாறி மாறி வருது. இன்னும் கொஞ்சம் எடுங்கம்மா."

கடைசியில் நகத்தளவு துண்டு மிஞ்சியது. வெண்ணெயில் புரட்டியதால் அது விளக்கு வெளிச்சத்தில் தேன்போல மினுங்கியது. பாங்கு கேட்டது. ஹம்னா கையேந்தினாள். அந்த நகத்தளவை அவள் தின்று முடிக்க மூன்று நிமிடம் ஆனது. இத்தனை சின்னதுக்கு இத்தனை நேரம் எப்படி ஆகிறது என்று பர்சானா வேடிக்கை பார்த்தாள்.

"இப்ப பல்லுல ஒட்டல," என்றாள் ஹம்னா.

புதன்கிழமை ஸ்ட்ரிப் இளஞ்சிவப்பாக வந்தது. வியாழன் இன்னும் கொஞ்சம் கருத்தது. வெள்ளிக்கிழமை காலை நிறம் ஏறிக்கொண்டே போய், டப்பாவில் அச்சிட்ட கட்டங்களில் கடைசிக்கு முந்தியதைத் தொட்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கை வெட்டவில்லை. பதினோரு மணிக்குப் போனில் வேல்விழியின் குரல் வந்தது. "டாக்டர் பாத்துட்டாரு. நிறுத்த வேண்டாம். அப்படியே போகட்டும்."

பர்சானா ரபீக்குக்குச் செய்தி அனுப்பினாள். அவன் பதிலுக்கு ஒரு படம் மட்டும் அனுப்பியிருந்தான். வேலை இடத்து வெயிலில் அவன் சிரித்துக்கொண்டு நின்றான்.

மாலை வேனிலிருந்து இறங்கிய ஹம்னா கேட்டாள். "இன்னும் எத்தன நாளு உம்மா?"

பர்சானா இந்த முறை எந்த வார்த்தையையும் கடன் வாங்கவில்லை. "ஒண்ணர வருசம் ஆகும். அதுக்கு மேலயும் ஆகலாம்."

ஹம்னா விரல்களை மடக்கினாள். "நடுவுல ரமலான் வருமா?"

"வரும்."

"அப்ப நான் ரெண்டு நோன்பு வைக்கணுமா? இல்ல ரெண்டும் சேந்து ஒண்ணா?"

"எனக்குத் தெரியலையேம்மா."

"மாமிக்குத் தெரியும்."

சனிக்கிழமைக்குப் பிறகு ஹஸீபா பர்சானாவோடு பேசவில்லை. ஆனால் ஓதவந்த ஹம்னாவைத் தினமும் பாங்குக்குப் பத்து நிமிடம் முன்பே வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். பேரீச்சம்பழ டப்பா எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

தெருவில் மேகம் இறங்கியிருந்தது. பத்தடி தூரத்து வீடும் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோலத் தெரிந்தது. தாயும் மகளும் அதற்குள் நடந்து போனார்கள்.

கதவைத் திறந்த ஹஸீபா இடுப்பில் கை வைத்தாள். "யாரு, போலீசா? அடுப்பங்கரை அங்கன இருக்கு. சோதனை போட்டுக்க."

"மைனி, தப்பு எம்மேலதான். ஒங்களச் சொன்னது..."

"மாமி!" ஹம்னா நடுவில் புகுந்தாள். கேள்வியை விரல் மடக்கி முழுதாகக் கேட்டாள்.

ஹஸீபா அவளை உற்றுப் பார்த்தாள். பதில் சொல்ல உதட்டைப் பிரித்தாள். நிறுத்தினாள். முப்பது வருடமாக ஓதிக் கொடுத்த முகத்தில் முதன்முறையாக ஒரு குழப்பம் வந்து உட்கார்ந்தது. பிறகு அது சிரிப்பாக உடைந்தது.

"ஏட்டி பர்சானா, என்னத்தப் பெத்து வச்சிருக்க நீ? இதுக்கு நான் எந்தக் கிதாபுல தேட?"

"தெரியாதா மாமி?"

"தெரியாதுட்டி. வாங்க, தேடுவோம். ஏன் நனைஞ்சுக்கிட்டு நிக்கீங்க?"

அவர்கள் உள்ளே போனபோது தெருவிலிருந்த மேகமும் கொஞ்சம் கூடவே உள்ளே வந்தது.